லொறிச் சட்டத்தில் மிசின் பெட்டி

"பழைய எல்ஃப் லொறி ஒன்று வேலிக்கரையில் கிடக்கு, அதன் அடிச்சட்டத்தை வெட்டி உழவு மிசினுக்குப் பெட்டி (ட்ரெயிலர்) செய்யலாமா?" என்று மாதத்துக்கு ஒருவராவது என் கராச்சுக்கு வந்து கேட்கிறார். செய்யலாம். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் நான் செய்துகொடுத்த பெட்டிகள் பதினொன்று இன்றைக்கும் நெல்லு ஏற்றுகின்றன. அதற்கெல்லாம் முதல் செய்த ஒன்று மட்டும் ஓடவில்லை. அதை நானே வெட்டிப்போட்டேன். ஏன் வெட்டினேன் என்று சொன்னாலே பாதி வேலை விளங்கிவிடும்.

அது என் அக்காவின் புருஷன், என் மச்சானுடைய மஸி 135 உழவு மிசினுக்குச் செய்தது. பன்னிரண்டடித் தட்டு. எக்ஸலை, அதாவது சில்லுகள் பூட்டுகிற அச்சை, நட்டநடுவில் வைத்தேன்: முன்னுக்கு ஆறடி, பின்னுக்கு ஆறடி. எட்டி நின்று பார்த்தால் கொக்கட்டிச்சோலைத் தேர் மாதிரி லட்சணம். பெரும்போக வெட்டு முடிந்து வட்டைக்குள், வயல்வெளியில், முதல் நடை. பொடியன்மார் பின்பக்கத்தால் மூடை ஏற்றினார்கள். முன்னுக்குத் தள்ளிக் கொண்டுபோக அலுப்பு, வால்பக்கமே அடுக்கிக்கொண்டு வந்தார்கள். வாய்க்கால் கட்டில் ஏறும்போது பெட்டியின் வால் இறங்கி மூக்குக் கிளம்பியது. கிளம்பிய மூக்கு மிசினின் பின்பக்கத்தையும் சேர்த்துத் தூக்க, பெரிய சில்லுகள் இரண்டும் பிடியில்லாமல் சுழன்றன. பெட்டியை மிசினோடு கொழுவும் ஆணிக்குக் கிளிப் போடாமல் விட்டதும் நான்தான். ஆணி மேலே கழன்று வந்தது, பெட்டி மல்லாந்தது, ஒன்பது மூடை வாய்க்காலுக்குள். பின்னால் ஆள் நிற்காதது எங்கள் நல்ல காலம். மச்சான் மிசினை நிறுத்தி இறங்கி வந்து பெட்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "வெல்டிங் நல்லாத்தான் இருக்கு மச்சான்" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

பெட்டி செய்ய வருகிறவர்கள் எல்லாரும் வெல்டிங்கைத்தான் கேட்கிறார்கள். வெல்டிங் பிறகு. முதலில் பாரம் எங்கே உட்காருகிறது என்று பாருங்கள்.

பாரக் கணக்கு

பெட்டி ஒரு துலாக்கோல், எக்ஸல் அதன் முள். பாரத்தில் நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்து பங்கு மிசினின் கொழுவியில் அழுத்த வேண்டும். அதற்குக் குறைந்தால் என் மச்சானுக்கு நடந்தது நடக்கும். கூடினால் மிசினின் முன்சில்லு நிலத்தில் பதியாது, சுக்கான் பிடிக்காது.

நான் இப்போது வைக்கிற அளவு இது. தட்டு 12 அடி. எக்ஸலின் நடுவிலிருந்து முன்னுக்கு ஏழேகால் அடி, பின்னுக்கு நாலேமுக்கால் அடி. தட்டின் முன்விளிம்பிலிருந்து கொழுவும் வளையம் வரை நாலரை அடி. பாரத்தைச் சீராகப் பரப்பினால் அதன் நடு தட்டின் ஆறாவது அடியில் விழும், எக்ஸலுக்கு ஒன்றேகால் அடி முன்னால். வளையத்திலிருந்து எக்ஸலுக்குப் பதினொன்றேமுக்கால் அடி. ஒன்றேகாலைப் பதினொன்றேமுக்காலால் பிரித்தால் நூற்றுக்குப் பத்தரை சொச்சம் வரும். மூடை 65 கிலோ என்று வைத்தால் 30 மூடை 1950 கிலோ, கொழுவியில் 205 கிலோ அளவு. வெறும் பெட்டியின் பாரத்திலும் கொஞ்சம் அதோடு சேரும்.

30 மூடை என்றதும் வயல் வைத்திருக்கிற போடியார்மார் முகம் சுளிப்பார்கள், அவர்களுக்கு 50 வேண்டும். லொறி புதிதாக இருந்தபோது இரண்டு தொன் ஏற்றத்தான் அந்த எக்ஸலும் ஸ்பிரிங்கும் செய்யப்பட்டன. வயது போன பிறகு அதற்குப் பலம் கூடப்போவதில்லை. 50 வேண்டுமென்றால் பெரிய லொறிச் சட்டம் தேடுங்கள்.

இன்னொன்று. எக்ஸலை நகர்த்தவே வேண்டாம். ஸ்பிரிங் தாங்கிகள் சட்டத்தில் தறையாணி அடித்துப் பொருத்தப்பட்டவை. அவற்றைக் கழற்றி வேறிடத்தில் ஒட்டினால் அந்த இடம்தான் முதலில் வெடிக்கும். எக்ஸலை இருக்கிற இடத்தில் விட்டு, அதிலிருந்து அளந்து சட்டத்தின் முன்னையும் பின்னையும் வெட்டுங்கள். முதல் பெட்டியில் எனக்கு இந்தப் புத்தி வரவில்லை. எக்ஸலைக் கழற்றி நடுவுக்குக் கொண்டுபோய் மினக்கெட்டு வைத்தேன்.

சட்டம் வாங்கும்போது

நமக்கு ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. கடல்பக்கமான எழுவான்கரையில் வீட்டு வாசலில் நின்ற லொறியின் சட்டம் வெளியே பெயின்ற் மினுங்கும், உள்ளே உளுத்திருக்கும். கையில் ஒரு சின்னச் சுத்தியல் கொண்டு போங்கள். அடிக்கு ஓரிடமாகத் தட்டுங்கள். நல்ல இரும்பு மணி மாதிரிப் பேசும், உளுத்தது பலாப்பழம் மாதிரி "தொப்" என்னும். இரண்டு தகடு ஒன்றன்மேல் ஒன்று சேருகிற இடத்தில் துரு பொருமி, தகடுகள் விலகி நின்றால் அந்தச் சட்டம் வேண்டாம்.

பிறகு வெடிப்பு. ஸ்பிரிங் தாங்கியைச் சுற்றி, தறையாணித் துளைகளைச் சுற்றி, குறுக்குச் சட்டம் சேருகிற மூலையில். கண்ணுக்குத் தெரியாது. கம்பிப் பிரஷ்ஷால் தேய்த்து, மண்ணெண்ணெய் பூசி, கால் மணித்தியாலம் விடுங்கள். துணியால் நன்றாகத் துடைத்து உலர்த்திவிட்டுப் பள்ளிக்கூடச் சோக்கட்டியால் அந்த இடத்தை வெள்ளையாகத் தேயுங்கள். வெடிப்பு இருந்தால் அதற்குள் ஊறின மண்ணெண்ணெய் மெதுவாக வெளியே வந்து, வெள்ளையில் தலைமயிர் மாதிரி ஒரு கறுத்தக் கோடு விழும். போன வருடம் களுவாஞ்சிகுடிப் பக்கம் ஒருவர் விற்கவிருந்த சட்டத்தில் நான்கு கோடுகள் விழுந்தன. விற்கிறவரும் குனிந்து பார்த்துவிட்டு, பேசாமல் எனக்குத் தேத்தண்ணி கொடுத்து அனுப்பினார்.

வெட்டுவதற்கு முதல் வாகனப் புத்தகம் இருக்கிறதா என்று கேளுங்கள். ட்ரெயிலரும் பதிவு செய்ய வேண்டிய வாகனம். அடிச்சட்ட இலக்கம் பெரும்பாலும் முன்பக்கச் சட்டத்தில்தான் குத்தப்பட்டிருக்கும், கெபினை (சாரதி இருக்கிற கூட்டை) வெட்டி இரும்புக்கடைக்குப் போடும் அவசரத்தில் அதுவும் கிலோக்கணக்கில் போய்விடும். புத்தகத்தோடு மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் கேட்டு, என்ன செய்யலாம், என்ன செய்யக்கூடாது என்று தெரிந்துகொண்ட பிறகு கிரைண்டரைத் தொடுங்கள். எந்த நிலையிலும் இலக்கத்தைத் தேய்க்காதீர்கள்.

கழற்றுவது

எஞ்சின், கியர்ப்பெட்டி, கெபின், எண்ணெய்த் தாங்கி எல்லாம் இறக்க வேண்டும். டீசல் தாங்கி கழன்று தூரப் போகும்வரை வெல்டிங், கிரைண்டர் இரண்டும் கிட்ட வரக்கூடாது. வெறும் தாங்கி என்றாலும் உள்ளே ஆவி நிற்கும். சட்டத்தை ஜக்கில் மட்டும் நிறுத்திவிட்டு அடியில் படுக்காதீர்கள். செங்கல் அடுக்கவும் வேண்டாம், அது சொல்லாமல் நொறுங்கும். தண்டவாளக் கட்டையோ கனமான மரக்கட்டையோ குறுக்குமறுக்காக அடுக்குங்கள்.

சில்லு கழற்றுகிற இடத்தில் ஒரு கதை. என் மருமகன் பழக வந்த புதிது. இடப்பக்கச் சில்லின் நட்டு அசையவில்லை. "மாமா, துரு பிடிச்சி இறுகிப்போச்சு" என்று சாவிக்கு நாலடிக் குழாய் மாட்டித் தொங்கினான். தண்டு முறிந்தது. இரண்டாவதும் முறிந்த பிறகுதான் எனக்குச் சத்தம் கேட்டு ஓடிவந்தேன். பழைய ஜப்பான் லொறிகளில் இடப்பக்கச் சில்லு நட்டுகள் மறுபுரி. நாம் கழற்றுகிறதாக நினைத்து இறுக்கிக்கொண்டிருப்போம். தண்டின் நுனியைத் துடைத்துப் பார்த்தால் இடப்பக்கத்துக்கென்று ஓர் ஆங்கில எழுத்துக் குத்தியிருக்கும். சாவியை எடுக்க முதல் துணியை எடுங்கள்.

பிரேக் ட்ரம்மைத் திறக்கும்போது உள்ளே கிடக்கிற தூசியைக் காற்றடித்து ஊதக்கூடாது. பழைய லைனிங்கில் அஸ்பெஸ்டஸ் இருக்கும், நெஞ்சுக்குள் போனால் வெளியே வராது. தண்ணீர் தெளித்து, ஈரத்துணியால் துடைத்து, துணியோடு கட்டி எறியுங்கள்.

எக்ஸலுக்குள் என்ன செய்வது

அப்படியே இழுத்துக்கொண்டு ஓடலாம், ஆனால் ஒவ்வொரு சில்லும் சும்மா டிஃபரன்ஷல் பற்களையும் சுற்றிக்கொண்டு வரும். மிசினுக்கு வீண் இழுவை. லொறி எக்ஸலில் ஒரு வசதி: சில்லின் பாரம் முழுவதும் குழாயில் தங்கியிருக்கிறது, நடுவில் போகிற தண்டு சுழற்ற மட்டும்தான். ஆகவே ஹப்பின் முகத்தில் இருக்கிற போல்ட்டுகளைக் கழற்றித் தண்டை உருவிவிடலாம், சில்லு விழாது. சில லொறிகளில் அந்த முகத்திலேயே புரிபோட்ட இரண்டு துளை இருக்கும். அதில் போல்ட்டை முறுக்கினால் தண்டு தானாகவே வெளியே தள்ளி வரும், சுத்தியல் தேவையில்லை. கீழே ஒரு பேசின் வையுங்கள், ஒயில் வரும்.

பிக்கப்பின் எக்ஸல் அப்படியில்லை. அங்கே சில்லு தண்டிலேயே தொங்குகிறது, தண்டை உருவினால் சில்லும் கூட வரும். பிக்கப் சட்டமென்றால் தண்டையும், அதன் உள்நுனியைத் தாங்குகிற நடுத்தொகுதியையும் அப்படியே விட்டுவிடுங்கள்.

தண்டை உருவிய ஓட்டையை அப்படியே விட்டால் ஒரு போகத்தில் பெயரிங் போய்விடும், வட்டைச் சேறு முழுவதும் உள்ளே. ஆறு மில்லிமீட்டர்த் தகட்டில் வட்டம் வெட்டி, ஹப்பின் துளைகளுக்கு நேராகத் துளைத்து, நடுவில் கஸ்கட் வைத்துப் பூட்டுங்கள். சில எக்ஸல்களில் டிஃபரன்ஷல் ஒயில்தான் சில்லுப் பெயரிங்குக்கும் போகும். ஒயிலை வடித்த பிறகு அதற்கு ஒன்றுமில்லை. ஆகவே பெயரிங்கை வெளியே எடுத்து, மண்ணெண்ணெயில் கழுவி உலர்த்தி, உள்ளங்கையில் கிறீஸை வைத்து, உருளைகளுக்கிடையில் மறுபக்கம் பிதுங்கும்வரை அழுத்தி ஏற்றுங்கள். விரலால் மேலே பூசுவது கணக்கில் இல்லை. திரும்பப் பூட்டும்போது சில்லைச் சுற்றிக்கொண்டே நட்டை இறுக்கி, பிறகு கொஞ்சம் தளர்த்துங்கள். சில்லை மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் ஆட்டம் தெரியக்கூடாது, கையால் சுற்றினால் லேசாகச் சுற்ற வேண்டும்.

பிரேக் பற்றி எல்லாரும் மறக்கிற ஒன்று: எல்ஃபில் கைப்பிரேக் சில்லில் இல்லை, கியர்ப்பெட்டியின் பின்னால் இருக்கிறது. கியர்ப்பெட்டியை இறக்கினால் கைப்பிரேக்கும் போயிற்று. பின்சில்லில் மிஞ்சுவது ஒயில் பிரேக் மட்டும். நான் மூக்குச் சட்டத்தில் ஒரு சின்ன மாஸ்டர் சிலிண்டரும், மிசின்காரருக்கு எட்டுகிற மாதிரி ஒரு கைநெம்புகோலும் வைக்கிறேன். இறக்கத்தில் பிடிக்க அது போதும். நிறுத்திவைக்க அது உதவாது, ஒயில் அழுத்தம் மெல்ல மெல்ல இறங்கிவிடும். அதற்கு இரண்டு ஆப்புக் கட்டை, சங்கிலி போட்டுப் பெட்டியிலேயே கட்டிவைக்க வேண்டும். சங்கிலி போடாவிட்டால் ஒரு கிழமையில் கட்டை அடுப்புக்குள் போய்விடும்.

மூக்கு

வெட்டி எடுத்த முன்சட்டத் துண்டுகளை எறியாதீர்கள். அவற்றையே மூக்குச் சட்டமாக முக்கோணமாய்ச் சேர்க்கிறேன், அடிச்சட்ட இலக்கமும் கூடவே நிற்கும். அந்தத் துண்டுகளைத் தட்டின் முன்சட்டத்தில் முட்டுக்கொடுத்து ஒட்டுவது பெரிய பிழை. ஒவ்வொரு பள்ளத்திலும் அந்த ஒட்டு மடங்கி மடங்கி ஒருநாள் பிரியும். தட்டுக்கு அடியால் குறைந்தது மூன்றடி உள்ளே போய், இரண்டு குறுக்குச் சட்டங்களைக் கடந்து, இரண்டிலும் போல்ட் போட்டுப் பூட்ட வேண்டும்.

உயரம்: பெட்டியில் பாரம் இருக்கும்போது தட்டு மட்டமாக நிற்க வேண்டும். லொறிச் சட்டம் மிசின் கொழுவியைவிட நன்றாக உயரம். வேலைக்குப் போகிற அதே டயரோடு மிசினைச் சமனான நிலத்தில் நிறுத்தி, கொழுவியின் உயரத்தை அளந்து, மூக்கை அதற்கேற்ப இறக்குங்கள். வளையத்தின் துளை மிசின் ஆணியைவிட மூன்று மில்லிமீட்டருக்கு மேல் பெருக்க வேண்டாம், பெருத்தால் ஓட ஓட இடித்து இடித்து இன்னும் பெருக்கும். ஆணிக்குக் கிளிப். கிளிப்போடு ஒரு பாதுகாப்புச் சங்கிலியும், மூக்குக்கு அடியால் குறுக்காக.

நாலரை அடி மூக்கு நீளம் என்று கிறுக்குப்பிடித்து நிற்பதற்குக் காரணம் இருக்கிறது. வரப்பு மூலையில் மிசின் இறுக்கமாகக் கிறுகும்போது அதன் பின்சில்லு வந்து பெட்டியில் முட்டக்கூடாது. ஒட்டுவதற்கு முதல் மிசினைக் கொழுவி, இரண்டு பக்கமும் முழுதாகக் கிறுகிப் பாருங்கள்.

கடைசி ஒட்டுக்கு முதல் இன்னும் இரண்டு அளவு. தட்டின் மூலைக்கு மூலை குறுக்காக நூல் பிடியுங்கள், இரண்டும் ஒரே நீளமாக இருக்க வேண்டும். மறுகா வளையத்தின் நடுவிலிருந்து இடப்பக்க ஹப்புக்கும் வலப்பக்க ஹப்புக்கும் அளவுங்கள். மூன்று மில்லிமீட்டருக்குமேல் வித்தியாசம் இருந்தால் பெட்டி நண்டு மாதிரிச் சரிந்து ஓடும், டயர் ஒரு பக்கம் தேயும்.

வெல்டிங்

இப்போது வெல்டிங். மூக்குக்கும் குறுக்குச் சட்டத்துக்கும் 7018 குச்சி, உடம்புக்கும் பலகைச் சட்டத்துக்கும் 6013 போதும். 7018 ஈரம் குடித்தால் ஒட்டுக்குள் வெடிப்பு வரும், வெயிலில் காயவைப்பது அதற்குப் போதாது. ஆகவே மாரியில் பெரிய பெட்டியாக வாங்கி வைக்காதீர்கள், அன்றன்றைக்குத் தேவையானதை உடைக்காத பைக்கற்றாக வாங்குங்கள்.

சட்டத்தின் மேல்விளிம்பிலும் கீழ்விளிம்பிலும் குறுக்கே ஒட்டு இழுக்கவோ துளை போடவோ கூடாது. பாரம் முழுவதையும் அந்த விளிம்புகள்தான் சுமக்கின்றன. எதைப் பொருத்தினாலும் நிற்கிற முகத்தில் பொருத்துங்கள். காத்தான்குடியில் நான் இரும்பு எடுக்கிற கடைக்கார நானா, நாக முலாம் பூசிய குழாய் மலிவாகத் தருவார். அதை ஒட்டுவதென்றால் முலாமைத் தேய்த்துவிட்டு, காற்றோட்டமான இடத்தில் ஒட்டுங்கள். அந்த வெள்ளைப் புகை குடித்தால் இரவைக்குக் காய்ச்சல் நிச்சயம்.

தட்டும் விளக்கும்

தட்டுக்குப் பலகையா தகடா என்பது நீங்கள் ஏற்றப்போவதைப் பொறுத்தது. மூடை மட்டும் என்றால் பலகை, உடைந்தால் ஒன்றை மாற்றலாம். மண், கல் என்றால் மூன்று மில்லிமீட்டர்ச் செக்கர்த் தகடு, மூலைகளில் தண்ணீர் வடிய ஓட்டை. அடியில் ஒன்றரை அடிக்கு ஒரு தாங்கி. பக்கப்பலகை ஒன்றரை அடி உயரம், மடக்குகிற பிணைச்சல். இதில் பெரிய வித்தை ஒன்றுமில்லை.

விளக்கில்தான் நம்மட ஆட்கள் காசு மிச்சம் பிடிக்கிறார்கள். வெட்டுக் காலத்தில் இரவு ஒன்பது பத்து மணிக்கும் பெட்டிகள் தெருவில் வருகின்றன, பின்னால் ஒரு சிவப்புப் புள்ளிகூட இல்லாமல். மோட்டார் சைக்கிளில் வருகிறவனுக்கு மூடையின் சணல்தான் முதலில் தெரியும். பின்விளக்கு இரண்டு, சமிக்ஞை இரண்டு, நான்கு மூலையிலும் பிரதிபலிப்பான். ஏர்த் கம்பியை வளையத்தின் வழியாக வரும் என்று நம்பாதீர்கள், கிறீஸும் துருவும் அதைத் தடுக்கும், விளக்கு மினுக்கு மினுக்கென்று சாகும். மிசினிலிருந்து தனியாக ஒரு கம்பி இழுங்கள்.

ஓட்டிப் பார்ப்பது

மச்சானுக்கு இரண்டாவது பெட்டி செய்தபோது நெல்லு நிறுக்கிற மேடைத் தராசை இரவல் வாங்கி வந்தேன். 20 மூடையைச் சீராகப் பரப்பி, வளையத்தைத் தராசுக்கு மேல் ஒரு மரக்குற்றியில் இருத்தினோம். 190 கிலோ காட்டியது. பெட்டியின் சொந்தப் பாரத்தையும் சேர்த்துப் பார்த்தால் கணக்குச் சரி. பொடியன்மாரைக் கூப்பிட்டு அதே மூடைகளைப் பின்பக்கம் மாற்றச் சொன்னேன். முள் ஒவ்வொரு மூடைக்கும் இறங்கி இறங்கிக் கடைசியில் வளையம் குற்றியை விட்டே எழும்பியது. அதைக் கண்ணால் கண்டபிறகு அவர்கள் யாரும் வாலில் அடுக்குவதில்லை, நான் சொல்லவும் தேவையில்லை.

முதல் ஓட்டம் வெறும் பெட்டியோடு மண்முனைப் பாலம் வரை போய் வாருங்கள். நிறுத்தியதும் இரண்டு ஹப்பிலும் புறங்கையை வையுங்கள். இளஞ்சூடு சரி, கை வைக்க முடியாத சூடென்றால் பெயரிங் நட்டு இறுகிவிட்டது. ஸ்பிரிங்கைப் பிடிக்கிற யூ போல்ட்டுகள் புதிதாகப் போட்டிருக்க வேண்டும், பழையவை இழுபட்டவை. புதியவையும் முதல் பாரத்தோடு கொஞ்சம் தளரும், ஆகவே முதல் நடை முடிந்ததும் சாவியை எடுத்து எட்டு நட்டையும் இறுக்குங்கள். சில்லு நட்டுகளையும் அப்படியே, இடப்பக்கம் எந்தப் பக்கம் சுற்றுவது என்று ஞாபகம் வைத்துக்கொண்டு.

ஆணிக் கிளிப் தொலையக்கூடிய சாமான், இரண்டு வாங்கி வையுங்கள். மச்சான் தன்னுடைய இரண்டாவது கிளிப்பை மிசின் சாவிக்கொத்திலேயே மாட்டியிருக்கிறார்.